5 வயதுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் பாடம்!

சீமைப் பள்ளிக்கூடத்துக்குச் சென்னை மணல் சொல்லிக் கொடுத்த வழி

இங்கிலாந்தில் 5 வயதுக் குழந்தைகள் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறார்கள்.

அதில் படம் பார்ப்பது அல்ல பாடம். விளையாடிப் பொழுது போக்குவதும் அல்ல. கம்ப்யூட்டருக்கு எப்படி உத்தரவு போடுவது என்று படிக்கிறார்கள். 2014-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் இது அந்த நாட்டுப் பாடத்திட்டத்தில் சேர்ந்தது.

அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று, இங்கிலாந்து திருச்சபையின் பள்ளிக்கூடம். காலையில் ஜெபம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகும் சின்னப் பிள்ளைகள், பிறகு கம்ப்யூட்டர் பாடமும் படிக்கிறார்கள்.

"சீமையில் நடப்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. அந்தத் திருச்சபைப் பள்ளிக்கூடங்களை நாடு முழுவதும் பரப்பியது ஒரு சங்கம். அந்தச் சங்கம் கைக்கொண்ட பாடமுறையின் பெயரே "மதராஸ் முறை"! அதை அங்கே கொண்டு போனவர், நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

அந்தக் கதையை முதலில் பார்ப்போம்.

எழும்பூருக்கு வந்த பாதிரியார்

அவர் பெயர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 1753-ல் பிறந்தார். தகப்பனார் முடி திருத்தும் தொழிலாளி. மகன் படித்துப் பாதிரியார் ஆனார். 1787-ல் சென்னைக்குக் கப்பல் ஏறி வந்தார்.

சென்னை எழும்பூரில் 1789-ல் ஓர் அநாதைப் பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இங்கே பிறந்து, ஆதரவு இல்லாமல் நின்ற ஆண் பிள்ளைகளுக்காக அது ஏற்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு பெல் பாதிரியாருக்கு வந்தது. அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் நிறைய. வாத்தியார்கள் கொஞ்சம். அந்த வாத்தியார்களுக்கும் வேலையில் மனம் இல்லை. மாதக் கணக்கில் சொல்லிக் கொடுத்தும் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து வரவில்லை.

என்ன செய்வது என்று யோசித்தார் பெல்.

மணலில் எழுதிய விரல்

ஒரு நாள் அவர் குதிரையில் போகும்போது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மணல் பரப்பியிருந்தது. விரலால் மணலில் எழுத்தை எழுதினார்கள். வாயால் உரக்கச் சொன்னார்கள். தப்பு வந்தால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள்.

பலகை வேண்டாம். காகிதம் வேண்டாம். மை வேண்டாம். ஒரு காசு செலவு இல்லை!

நம் பாட்டன், பூட்டன் எல்லோரும் இப்படித்தான் "அ" எழுதினார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதும் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கம். அந்தப் பெரிய பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். நமக்கு இது அதிசயம் இல்லை. பெல் துரைக்கு அதிசயமாக இருந்தது.

எழும்பூருக்குத் திரும்பினார். வகுப்பில் மணலைப் பரப்பச் சொன்னார். வாத்தியார்கள் இணங்கவில்லை. "இது நடக்காது" என்ற எண்ணம் அவர்களுக்கு.

பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனைக் கூப்பிட்டார். அவனுக்கு வயது 8. "நீ போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடு" என்று வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார்.

பெரியவர்கள் முடியாது என்றதை 8 வயதுப் பையன் செய்து காட்டினான். கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளிக்கூடம் முழுவதும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது.

கப்பல் ஏறிய "மதராஸ் முறை"

1796-ல் பெல் ஊர் திரும்பினார். மறு வருடமே, 1797-ல், லண்டனில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். எழும்பூரில் தாம் செய்த சோதனையை அதில் எழுதினார். "மதராஸ் முறை" என்ற பெயர் பரவியது.

ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க 1811-ல் இங்கிலாந்தில் திருச்சபையின் தேசிய சங்கம் ஏற்பட்டது. அது மதராஸ் முறையை எடுத்துக்கொண்டது. அதன் பள்ளிக்கூடங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. மணல் பரப்பிய பலகையில் இங்கிலாந்துப் பிள்ளைகளும் விரலால் எழுதினார்கள்!

பெல் 1832-ல் காலமானார். லண்டனில் அரசர்களும் கவிஞர்களும் அடக்கமான வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த ஊரில், அவர் கொடுத்த பணத்தில் ஏற்பட்ட பள்ளிக்கூடத்துக்கு "மதராஸ் கல்லூரி" என்று பெயர். அது இன்றும் நடக்கிறது.

நம் திண்ணையில் உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு இந்தச் செய்தி எட்டியிருக்காது.

"ஏழைக்குக் கணக்கு எதற்கு?"

பெல் செய்தது பெரிய காரியம். ஆனால் அவர் நினைப்பில் ஒரு குறையும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

ஏழைப் பிள்ளைக்கு வேதம் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று அவர் கருதினார். எல்லா ஏழைக்கும் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுப்பது தம் நோக்கம் இல்லை என்று புத்தகத்திலேயே எழுதினார். நிறையப் படித்தால் ஏழை தன் நிலையில் அடங்கி இருக்கமாட்டான் என்ற பயம் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு இருந்தது.

அதாவது, ஏழை வாசிக்கலாம். கணக்குப் போடக் கூடாது. பிறர் எழுதியதை அவன் பார்க்கலாம். தானாக எழுதக் கூடாது.

அந்த நினைப்பு அன்றோடு போய்விட்டதா?

இன்று குடிசையிலும் செல்போன் இருக்கிறது. பிள்ளை அதில் படம் பார்க்கிறது. விரலால் தள்ளித் தள்ளி விளையாடுகிறது. "என் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும்" என்று தாய் பெருமைப்படுகிறாள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளையோ, மாதம் பணம் கட்டி, அந்த விளையாட்டை எப்படிச் செய்வது என்று படிக்கிறது.

ஒரு பிள்ளை பார்க்கிறது. ஒரு பிள்ளை செய்கிறது. நாளைக்கு யார் யாருக்கு வேலை கொடுப்பார்கள்?

சின்ன வகுப்பிலேயே இந்தப் பாடம் வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் முக்கியமான காரணம்.

என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இங்கிலாந்திலும் முன்பு வேறு மாதிரி இருந்தது. கடிதம் டைப் அடிப்பது, படம் ஒட்டுவது என்று பிறர் செய்த மென்பொருளைப் பயன்படுத்தவே அதிகமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். "பிள்ளைகளுக்கு அலுப்புத்தான் மிச்சம்" என்று குறை வந்தது. அங்குள்ள ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சபை 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டுப் பாடத்தை மாற்றச் சொன்னது. 2014-ல் மாற்றினார்கள்.

5 வயது முதல் 7 வயது வரை உள்ள பிள்ளைக்கு முக்கியமாக என்ன பாடம்?

ஒன்று: ஒரு வேலையை வரிசையாக, படிப்படியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு: அந்த வரிசையில் பிழை வந்தால், எந்தப் படியில் வந்தது என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும்.

மூன்று: ஓர் உத்தரவைப் பார்த்ததும், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்ல வேண்டும்.

நான்கு: தன் பெயர், வீடு, படம் போன்ற சொந்த விவரங்களை முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கக் கூடாது. பயமாக ஏதாவது வந்தால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

7 வயதுக்கு மேல் இன்னும் கொஞ்சம் கூடும். "இதைப் பத்துத் தடவை செய்", "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்ற உத்தரவுகள் வரும்.

சின்ன வகுப்பில் ஒரு பொம்மை வைத்திருப்பார்கள். தேனீ போல இருக்கும். முதுகில் பொத்தான்கள். முன்னே, பின்னே, இடது பக்கம், வலது பக்கம். பிள்ளை பொத்தான்களை வரிசையாக அழுத்திவிட்டு "போ" என்ற பொத்தானை அழுத்தும். சொன்ன வரிசைப்படி தேனீ தரையில் நகரும். ஓர் அடி வைத்தால் 15 சென்டிமீட்டர்.

இந்த யோசனை புதியது அல்ல. 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் பிள்ளைகளுக்காக "லோகோ" என்ற கம்ப்யூட்டர் மொழியைச் செய்தார்கள். அதில் பிள்ளை உத்தரவு போட, ஒரு "ஆமை" நகர்ந்து கோடு போடும். ஆமை எப்படித் திரும்ப வேண்டும் என்று தெரியாவிட்டால், பிள்ளை தானே எழுந்து நடந்து பார்க்கும். பிள்ளையின் உடம்புக்குத் தெரிந்ததை அறிவு பிடித்துக்கொள்ளும் என்பது பேப்பர்ட்டின் எண்ணம்.

பொம்மைக்குப் பணம் இல்லாவிட்டால்?

தேனீப் பொம்மை வேண்டாம். பிள்ளையே பொம்மை ஆகலாம்!

செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை இன்னும் அங்கே நிற்கிறது. ஒரு பக்கம் அணுமின் நிலையம். ஒரு பக்கம் மீனவர் குப்பங்கள். கடற்கரை முழுவதும் மணல். ஊரின் பெயரிலேயே சதுரங்கம்! 2022-ல் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் போட்டி நடந்ததும் இதே கரையில், மாமல்லபுரத்தில்தான்.

அந்த மணலில் சதுரங்கப் பலகை போல 8-க்கு 8 கட்டம் போடுங்கள். மொத்தம் 64 கட்டம். ஒரு மூலையில் ஒரு பிள்ளை நிற்கட்டும். அதுதான் யந்திரம். உள்ளே ஒரு கட்டத்தில் ஒரு கிளிஞ்சலை வையுங்கள். இன்னொரு பிள்ளை உத்தரவு எழுதட்டும். மூன்றே சொல்தான்: முன்னே, இடம் திரும்பு, வலம் திரும்பு.

கிளிஞ்சல் 3 கட்டம் எதிரே, 2 கட்டம் வலது பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான உத்தரவு இது:

முன்னே, முன்னே, முன்னே, வலம் திரும்பு, முன்னே, முன்னே.

"வலம் திரும்பு" என்பதை எழுத மறந்துவிட்டால்? யந்திரப் பிள்ளை நேராக 5 கட்டம் போய் நிற்கும். கிளிஞ்சல் கிடைக்காது. எல்லோரும் சிரிப்பார்கள். அப்போதுதான் பாடம் ஆரம்பம். "எந்த இடத்தில் தப்பு?" என்று உத்தரவு போட்ட பிள்ளை தேட வேண்டும். யந்திரத்தின் மேல் பழி போட முடியாது. அது சொன்னதைத்தான் செய்தது!

அடுத்த பாடம் இன்னும் ருசி. "முன்னே 3, வலம் திரும்பு. இதை 4 தடவை செய்." பிள்ளை ஒரு சதுரம் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். எட்டு உத்தரவு எழுத வேண்டிய இடத்தில் இரண்டு எழுதினால் போதும். "திரும்பத் திரும்பச் செய்" என்பது கம்ப்யூட்டர்காரர்களின் பெரிய ஆயுதம். அது மணலில் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இப்படி மெஷின் இல்லாமல் கம்ப்யூட்டர் பாடம் சொல்வது உலகம் ஒப்புக்கொண்ட வழி. நியூசிலாந்தைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவரும் அவருடைய கூட்டாளிகளும் 1990-களில் இதற்குப் பாடங்கள் எழுதிப் பரப்பினார்கள். அவர் பெயர் என்ன தெரியுமா? டிம் பெல். அவரும் ஒரு பெல்!

பாட்டி வீட்டுப் படியும் உழக்கும்

கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எண்கள் இரண்டுதான். ஒன்று, சைபர். விளக்கு எரிகிறது, எரியவில்லை என்பது போல. இதை வைத்து அது எல்லா எண்ணையும் எப்படி எழுதுகிறது?

நம் வீட்டுப் பழைய அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு படி. அதாவது ஆழாக்கு 1, உழக்கு 2, உரி 4, படி 8.

இந்த நாலு அளவையும் வரிசையாக வைக்கவும். ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். 13 ஆழாக்கு அரிசி வேண்டும். எப்படி?

படியில் ஒன்று, அது 8. உரியில் ஒன்று, அது 4. உழக்கு வேண்டாம். ஆழாக்கில் ஒன்று. கூட்டினால் 13.

இனி, எடுத்ததற்கு 1, எடுக்காததற்கு 0 என்று எழுதுங்கள். 1, 1, 0, 1. கம்ப்யூட்டரும் 13-ஐ இப்படித்தான் எழுதுகிறது! சைபர் முதல் 15 வரை எந்த எண்ணையும் இந்த நாலு அளவால் அளக்கலாம். பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பாட்டி பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. உரி, உழக்கு என்ற சொற்கள் பாட்டிக்குத்தான் தெரியும்.

வாசல் கோலமும் அப்படியே. புள்ளி வைக்கும் வரிசை, வளைவு, திரும்புதல் எல்லாம் ஒழுங்கான உத்தரவுகள். இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரத்தில் இருக்கிறது சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய மூவரும் கோலத்தைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். அந்தக் கட்டுரை 1974-ல் வெளியாயிற்று. நம் வீட்டுப் பெண்கள் தினமும் வாசலில் போடும் கோலம், உலகத்துக் கம்ப்யூட்டர் பண்டிதர்களுக்குப் பாடம் ஆயிற்று!

பிள்ளைகளே கற்றுக்கொள்வார்களா?

"பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதுமா? வாத்தியார் வேண்டாமா?"

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு சோதனை பதில் சொல்கிறது.

சுகதா மித்ரா என்ற பேராசிரியர் 1999-ல் டெல்லியில் ஒரு குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். வாத்தியார் இல்லை. பிள்ளைகள் கூட்டமாக வந்து, ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்துப் பழகினார்கள்.

பிறகு காளிக்குப்பம் என்ற கிராமத்தில் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் இன்னும் கடினமான சோதனை செய்தார். உயிரியல் பாடம் ஒன்று. அதுவும் இங்கிலீஷில்! பிள்ளைகள் தாங்களாகவே முட்டி மோதிக் கொஞ்சம் கற்றார்கள். பக்கத்து சர்க்கார் பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்ட பிள்ளைகள் அளவுக்கு மதிப்பெண் வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

அப்போது ஒருவரைத் துணைக்கு அமர்த்தினார்கள். அவருக்கும் அந்தப் பாடம் தெரியாது. பிள்ளைகளோடு இருந்து, "பலே! இது என்ன? எனக்கும் சொல்லுங்களேன்!" என்று கேட்டு உற்சாகப்படுத்துவதுதான் அவர் வேலை. மதிப்பெண் ஏறியது. டெல்லியில் பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். 2010-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

மித்ராவின் சோதனைகளைக் குறை சொன்ன அறிஞர்களும் உண்டு. சுவரில் மெஷினை வைத்துவிட்டுப் போனால் பல இடங்களில் அது விளையாட்டுச் சாமானாகவே முடியும் என்கிறார்கள். அதுவும் கவனிக்க வேண்டிய பேச்சு. காளிக்குப்பமும் அதையே வேறு விதமாகச் சொல்கிறது. மெஷின் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். அவர் பண்டிதராக இருக்கவேண்டியது இல்லை. பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவராக இருந்தால் போதும்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே!

நம் நாட்டிலும் இந்த முயற்சி பழையதுதான். 1984-85-ல் மத்திய சர்க்கார் இங்கிலாந்தில் இருந்து பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டரை வரவழைத்துச் சுமார் 250 பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தது. அதெல்லாம் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதும் பாடத்தை 6-ம் வகுப்பில் இருந்துதான் பேசுகிறது. அதற்கு முந்திய ஐந்து வருடம்?

அந்த ஐந்து வருடத்துக்கு மெஷின் தேவை இல்லை. தினமும் ஒரு கால் மணி நேரம் போதும்.

பிள்ளையிடம், "பல் துலக்குவது எப்படி? படிப்படியாகச் சொல்" என்று கேளுங்கள். சொன்னபடியே நீங்கள் செய்து காட்டுங்கள். பற்பசையின் மூடியைத் திறக்கச் சொல்ல மறந்துவிட்டதா? மூடியோடு தேயுங்கள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு தானே திருத்திக்கொள்ளும்.

தப்பு வந்தால் அடிக்காதீர்கள். "மக்கு" என்று சொல்லாதீர்கள். இந்தப் பாடத்தில் பிழை என்பது அவமானம் இல்லை. பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். மணலில் எழுதிய பிள்ளை, தப்பைத் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதவில்லையா?

அண்ணனைத் தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்குத்தான் பாடம் நன்றாக மனதில் பதியும். எழும்பூரில் 8 வயதுப் பையன் செய்ததை உங்கள் வீட்டுப் பிள்ளையும் செய்யும்.

செல்போனைக் கையில் கொடுத்தால், எவ்வளவு நேரம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட உட்காருங்கள். "இது எப்படி நகருகிறது? யார் இதற்கு உத்தரவு போட்டிருப்பார்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, பார்க்கிற பிள்ளையைச் செய்கிற பிள்ளையாக மாற்றத் தொடங்கும்.

கடலுக்குப் போகும் பல படகுகளில் இன்று வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. அதன் உள்ளே இருப்பதும் யாரோ எழுதிய உத்தரவுதான். அதை எழுதியவரும் ஒரு நாள் முதல் வகுப்பில் உட்கார்ந்தவர்தான். அடுத்த கருவிக்கு உத்தரவு எழுதப் போகிறவர் குப்பத்துப் பிள்ளையாக இருக்கக் கூடாதா?

ஏழைக்கு வாசிப்பு மட்டும் போதும் என்று ஒரு காலம் சொன்னது. அது பொய்யாகிவிட்டது. ஏழைக்குச் செல்போன் பார்ப்பது மட்டும் போதும் என்று இந்தக் காலம் சொல்லாமல் சொல்கிறது. அதையும் பொய்யாக்க வேண்டும். இன்று சாயங்காலமே வாசலில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு ஆரம்பியுங்கள்.